அஞ்சாதவளின் சாட்சியம்

“கைக்கு என்னாச்சு?” என்று கேட்டாள் சுகந்தி.

இந்துஜா அக்காவின் தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். இடது கையின் இரண்டு விரல்களைச் சேர்த்துப் பட்டை வைத்துக் கட்டியிருந்தது.

“அவரு முறிச்சாரு. அப்பளம் வெக்கட்டுமாக்கா?”

எதிரே உட்கார்ந்திருந்த இந்துஜாவின் கணவன் நவநீதன் தலையை நிமிர்த்தவில்லை. சாதத்தைப் பிசைந்தபடியே, “ரசத்துல உப்பு தூக்கல்,” என்றான்.

விளையாட்டுப் பேச்சு என்றுதான் சுகந்தி முதலில் நினைத்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்தாள். அதில் கேலி இல்லை. மிரட்சியும் இல்லை. இன்றைக்குப் பால் வரவில்லை என்று சொல்வதைப் போலத்தான் சொல்லியிருந்தாள்.

“முறிச்சாருன்னா?”

“வியாழக்கிழமை. கதவு இடுக்குல வெச்சு அமுக்கினாரு. எலும்பு உடையற சத்தம் கேட்டுது. அப்புறம் அவரே கட்டும் போட்டு விட்டாரு.”

சுகந்தி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

“சாப்பிடற எடத்துல எதுக்குங்க இத்தனை சத்தம்?” என்றான் நவநீதன். “பேச்சு முத்திப் போச்சு, கை நீட்டிட்டேன். அவளே அதைப் பெருசா எடுத்துக்கலை. நீங்க ஏன் எடுத்துக்கறீங்க?”

“ஆமாக்கா, நீ உக்காரு. ரசம் ஆறுது,” என்றாள் இந்துஜா.

இந்தப் பெண்ணா மூன்று வருடத்துக்கு முன்னால் கால் மாற்றிச் செருப்புப் போட்டுக்கொண்டு பீளமேட்டிலிருக்கும் தன் வீட்டுக்கு ஓடிவந்தவள் என்று சுகந்தி திகைத்தாள். அன்று குக்கர் விசிலடித்தால் இந்துஜா சுவரோடு ஒட்டிக்கொள்வாள். டம்ளரைப் பிடித்தால் காபி புடவையில் சிந்தும். உறவுக்காரர்கள் கூடிப் பேசினார்கள். கோயமுத்தூரில் பெயர்பெற்ற மனநல மருத்துவர், படித்த மாப்பிள்ளை, எல்லார் முன்னாலும் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்கிறார், வேறென்ன வேண்டும் என்றார்கள். “இனிமேல் அவ என்னைக் கண்டு பயப்பட மாட்டா. அதுக்கு நான் பொறுப்பு,” என்று அவன் வாக்குக் கொடுத்தான். இந்துஜாவைத் திருப்பி அனுப்பிவைத்தார்கள்.

கை கழுவப் போன இடத்தில், கண்ணாடிக்குக் கீழே, மூக்குக்குள் பீய்ச்சுகிற நீலநிற மருந்துப் புட்டி ஒன்று இருந்தது. சுகந்திக்கு அதை எடுத்துப் படிக்க வேண்டியிருக்கவில்லை. அபயோன். அவளுடைய ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியே போன மருந்து.

நவநீதன் வாசலில் காருக்குப் பக்கத்தில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தான். அவள் புட்டியை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

“இதை அவளுக்கு யாரு எழுதிக் குடுத்தா?”

“நான்தான். வீட்டுலயே டாக்டர் இருக்கறப்ப வேற யாரு எழுதோணும்?”

“இது விபத்துல மாட்டினவங்களுக்கு. தீயில சிக்கி வந்தவங்களுக்கு. ஒரு தடவை, மிஞ்சிப் போனா ரெண்டு தடவை.”

“அவளுக்கும் விபத்துதானுங்களே அடிக்கடி நடக்குது.” அவன் சிரித்தான். “உங்க கம்பெனி ஆளுங்க என் கிளினிக்குக்கு வந்து படம் போட்டுக் காமிச்சாங்க. பயம் பதியறதுக்குன்னு மூளைல சின்னச் சின்னக் கதவுங்க. குளூட்டமேட்னு ஒரு ரசாயனம் வந்து தட்டினா திறக்குது, கால்சியம் உள்ள பாயுது, பயம் பதிஞ்சிருது. உங்க சிலந்தி நஞ்சு திறந்த கதவுல போய் வாலைச் சொருகி அடைச்சுக்குது. மூடியிருக்கற கதவை அது சீண்டறதே இல்ல. அதனால பயம் வந்த சூட்டோட குடுத்துரோணும்னாங்க. நானும் அப்படித்தான் குடுத்தேன். நடந்தது பூராவும் அவளுக்கு ஞாபகம் இருக்குது, பாத்தீங்கல்ல? பயம் மட்டும் ஒட்டலை.”

“வலிக்குமேடா!”

“வலிக்கும். அது ஆறிடும்ல. பொண்டாட்டிய அடிச்சுப் போட்டு எழுந்து போற புருஷன் ஊருக்குள்ள எத்தனை பேரு? நான் பக்கத்துல உக்காந்து மருந்து போட்டு விட்டிருக்கேன். என்னைப் போய் இப்படிப் பாக்கறீங்க.”

அவன் இதை நடிப்பாகச் சொல்லவில்லை. உண்மையாகவே நம்பினான்.  சுகந்தி உள்ளே திரும்பி, “இந்து, கிளம்பு,” என்று கத்தினாள்.

இந்துஜா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “எங்க?”

“எங்கூட, என் வீட்டுக்கு.”

“சரி.” மறுபேச்சு இல்லை. பையை எடுத்துக்கொண்டு அக்காவின் காரில் ஏறி உட்கார்ந்தாள்.

“தாராளமாக் கூட்டிட்டுப் போங்க,” என்றான் நவநீதன். “திரும்பி வர அவளுக்குப் பயமில்ல. விசயமே அதுதானே?”

தங்கை பத்திரமாக இருக்கிறாள் என்ற நிம்மதி சுகந்திக்கு ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை.

காய்ந்த தோசைக்கல்லை இந்துஜா வெறுங்கையால் நகர்த்தினாள். தோல் பொசுங்கியது, “ஸ்ஸ்” என்றாள், தண்ணீரில் காட்டினாள். மறுநாளும் அதே கல்லை அதே கையால் நகர்த்தினாள். “சூடுன்னு தெரியாதா?” என்று சுகந்தி அலறினாள். “தெரியுமே. நேத்துச் சுட்டுதே,” என்றாள் இந்துஜா. தெரிந்திருந்தது, ஆனால் கை பின்வாங்கவில்லை. அவிநாசி சாலையைக் கடக்கும்போது பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு வந்தால் நின்று அதைப் பார்த்தாள். ஓட்டுநர் தலையை வெளியே நீட்டிக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுப் போனான். அந்தத் திட்டும் அவளைத் தொடவில்லை. சுகந்திதான் நடைபாதையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

“எனக்கு என்ன மருந்துதான் குடுத்தாரு?” என்று இந்துஜா ஒரு நாள் கேட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து பொசுங்கிய விரல்களுக்குக் களிம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

“ஆனைகட்டிக் காட்டுல பாதைக்குக் குறுக்க தங்கக் கலர்ல வலை மின்னுமே, பாத்திருப்ப. உள்ளங்கை அகலத்துக்குச் சிலந்தி நடுவுல உக்காந்திருக்கும். அதுல மாட்டின வண்டு கொஞ்சத்துல துவண்டு போயிரும். பூச்சிங்க உடம்புல தசைய ஆட்டி வைக்கறது குளூட்டமேட். சிலந்தியோட நஞ்சு அதைத் தடுத்துருது. நம்ம மூளையிலயும் அதே குளூட்டமேட்தான் வேலை செய்யுது. அதான் அந்த நஞ்சைக் கொஞ்சம் மாத்தி, மூக்கு வழியா மூளைக்குப் போற மாதிரி செஞ்சோம்.”

“நல்லதுக்குத்தான் செஞ்சீங்க?”

“நல்லதுக்குத்தான். மில்லு தீப்பிடிச்சப்ப உள்ள மாட்டின பொண்ணுங்க இருந்தாங்க. தீப்பெட்டி உரசற சத்தம் கேட்டாலே மயங்கி விழுவாங்க. அவங்க இன்னிக்கு அடுப்படில நிக்கறாங்க.”

“எனக்கு ரெண்டு வருசமா குடுத்தாரு. நிறுத்தினா பயம் திரும்ப வருமாக்கா?”

சுகந்திக்கு விடை தெரியும். மாதக்கணக்கில் மருந்து கொடுத்த எலிகளை அவளே கவனித்திருந்தாள். மருந்தை நிறுத்தி வெகுநாளாகியும் அவற்றுக்குப் பயம் பிடிபடவில்லை. அடைபட்ட கதவுகளுக்குப் பதிலாகப் புதுக் கதவுகள் முளைக்கவே இல்லை. பாம்பு இருந்த கூண்டில் விட்டபோது ஒரு எலி அதன் மேலேயே ஏறி நடந்தது. அதை அவள் ஆய்வுக்கூடத்தின் இயக்குநரிடம் சொன்னாள். எலி எலிதான், மனிதருக்கு யார் மாதக்கணக்கில் கொடுக்கப் போகிறார்கள் என்றார் அவர். பேச்சு அத்தோடு முடிந்தது.

“தெரியலை கண்ணு. பாக்கலாம்,” என்றாள் சுகந்தி.

மகளிர் காவல் நிலையத்துக்குப் போனார்கள். இந்துஜா எல்லாவற்றையும் சொன்னாள். எந்தக் கை, எந்தச் சுவர், எந்தப் பொருள், எதற்காக என்று வரிசையாகச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் பாதியிலேயே பேனாவை வைத்துவிட்டார். சுகந்தியைத் தனியாக அழைத்தார்.

“இங்க வர்ற பொண்ணுங்க வாயைத் திறக்கறதுக்கே அரை நாள் ஆகும்மா. உங்க தங்கச்சி பார்த்த படத்துக்குக் கதை சொல்ற மாதிரி சொல்லுது. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. யாராச்சும் சொல்லிக் குடுத்தாங்களா?”

“அதுதான் மேடம் அந்த மருந்து செஞ்சது.”

“அடிச்ச பயம் தெரியாம இருக்க மருந்து, மருந்து குடுத்ததுக்கு இவங்க அழாததே சாட்சி. நல்லாருக்கும்மா உங்க கேஸு.”

நவநீதன் முந்திக்கொண்டான். மனநலம் குன்றிய மனைவியை அவளுடைய அக்கா பிடித்து அடைத்துவைத்திருக்கிறாள் என்று மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் மனுப் போட்டான். விரல் முறிந்தது அவளே கதவில் நசுக்கிக்கொண்டதால்தான் என்று அதில் இருந்தது. இந்துஜாவே போனில் அவனிடம் சொல்லியிருந்த, தோசைக்கல் சுட்ட காயங்களையும் அவன் சேர்த்துக்கொண்டான். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்கிற பெண், பாதுகாப்பு தேவை என்றான். ஒரு மனநல மருத்துவர் சொன்னால் யார் மறுக்க முடியும்?

ராபியா என்ற இளம் வக்கீலைச் சுகந்தி பிடித்தாள். வாயில் எப்போதும் ஏலக்காய் மெல்லும், யாரையும் நம்பாத பெண்.

“நீங்கதான் நமக்குத் துருப்புச் சீட்டு,” என்றாள் ராபியா. “மருந்தைச் செஞ்ச ஆளே வந்து, இது இப்படித்தான் பண்ணும், நிரந்தரமாப் பண்ணும்னு சொல்லிட்டா முடிஞ்சுது. சொல்வீங்களா?”

“சொல்வேன்.”

விசாரணை நாளன்று கோர்ட் வாசலில் இயக்குநரிடமிருந்து போன் வந்தது. அவர் குரலை உயர்த்தவில்லை. நிறுவனத்தின் ஆய்வு முடிவுகளை வெளியில் பேசக்கூடாது என்று அவள் ஒப்புக்கொண்டிருப்பதை நினைவூட்டினார். எலிகளைப் பற்றி அவள் சொல்லியும் மருந்து சந்தைக்குப் போயிருப்பதால் முதலில் பிடிபடுவது யார் என்று யோசிக்கச் சொன்னார். “உங்க கையெழுத்துதான் சுகந்தி எல்லாத்துலயும் இருக்கு. பாத்துப் பேசுங்க,” என்றார்.

மாஜிஸ்ட்ரேட் ஐம்பது வயதுப் பெண். இந்துஜாவைத் தன் அறைக்கே வரவழைத்து எதிரில் உட்காரவைத்தார். பக்கத்தில் சுகந்தியும் ராபியாவும். சுவரோரம் நவநீதனும் அவன் வக்கீலும்.

“உங்க கணவர் உங்களை அடிச்சாரா?”

“ஆமாங்க.”

“எப்பவெல்லாம்?”

இந்துஜா சொன்னாள். மாஜிஸ்ட்ரேட் கண்ணாடியைக் கழற்றினார்.

“இதோ, பத்தடி தூரத்துல உட்கார்ந்திருக்கார். அவரைப் பார்த்தா பயமா இல்லையா உங்களுக்கு?”

இந்துஜா திரும்பி நவநீதனைப் பார்த்தாள். ஒரு பீரோவைப் பார்ப்பது போலப் பார்த்தாள். “இல்லீங்க.”

நவநீதனின் வக்கீல் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான்.

“பயமே இல்லைன்னா அவர்கூட இருக்கறதுல என்னம்மா கஷ்டம்?”

“பயம் இருந்தாத்தான் விலகி இருக்கோணுமுங்களா?” என்றாள் இந்துஜா. அவளுக்கு அது உண்மையாகவே தெரியவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். “அவரு செஞ்சது தப்புங்க. நான் நடுங்கினாலும் தப்பு, நடுங்காட்டியும் தப்பு. நான் நடுங்கலைங்கறதுக்காக அது சரியாயிருங்களா?”

 மாஜிஸ்ட்ரேட் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு சுகந்தியின் பக்கம் திரும்பினார்.

“நீங்கதான் அந்த மருந்தைத் தயாரிச்ச குழுவில இருக்கீங்க. இவங்க இப்படி இருக்கறதுக்கு அதுதான் காரணமா? மருந்தை நிறுத்தின பிறகும் இப்படியே இருப்பாங்களா?”

நவநீதன் முதல் முறையாக முன்னால் குனிந்தான். ராபியா மெல்லுவதை நிறுத்தினாள்.  போனில் கேட்ட குரல் சுகந்தியின் காதுக்குள் இருந்தது.

“அது… ஆய்வுல இன்னும் உறுதியாகலைங்க மேடம்.”

“அப்போ தற்காலிகமாவும் இருக்கலாம்?”

“இருக்கலாம்.”

ராபியா நாற்காலியைப் பின்னுக்கு இழுத்த சத்தம் பல் கூசும்படி கேட்டது.

இந்துஜா வயது வந்த பெண், தெளிவாகப் பேசுகிறாள், யாரும் அடைத்துவைத்ததாகத் தெரியவில்லை என்று மாஜிஸ்ட்ரேட் மனுவைத் தள்ளுபடி செய்தார். அடித்ததற்குத் தனியாக வழக்குப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் இப்போதிருக்கிற சாட்சியம் போதாது என்றார். “எங்கே போக விருப்பம்மா உங்களுக்கு?”

“என் வீட்டுக்குப் போறனுங்க.”

நவநீதனின் முகம் மலர்ந்தது.

வராந்தாவில் சுகந்தி தங்கையின் தோளைப் பிடித்து உலுக்கினாள். “கிறுக்காடி உனக்கு? அடிப்பான்!”

“அடிப்பாரு. வலிக்கும். தெரியும்.”

“அப்புறம் ஏன்?”

“அது நான் வாழற வீடு. தப்பு செஞ்சவரு உள்ள இருப்பாரு, நான் வெளிய இருக்கோணுமா? ராபியா மேடம், சட்டப்படி நான் அங்க இருக்கலாமில்ல?”

“இருக்கலாம்,” என்றாள் ராபியா. அவள் சுகந்தியின் முகத்தைப் பார்க்க மறுத்தாள். “தடுக்க அவனுக்கு உரிமை இல்ல. ஆனா போகாதம்மா.”

“இங்க யாரும் நம்பலை. நான் இன்னும் நெறையப் பேருக்குச் சொல்லோணும்,” என்றாள் இந்துஜா. படியிறங்கிப் போனாள்.

அதன் பிறகு சுகந்தி தினமும் போன் செய்தாள். இந்துஜா எடுத்தாள், சாப்பிட்டதைச் சொன்னாள், அடி வாங்கியிருந்தால் அதையும் சொன்னாள். மூக்கில் மருந்து அடிக்க அவள் இப்போது விடுவதில்லையாம். ராபியா இரண்டு முறை போலீஸோடு அந்த வீட்டுக்குப் போனாள். இந்துஜா அவர்களோடு கிளம்பி வர மறுத்துவிட்டாள். சுகந்திக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை ஓடவில்லை. சிலந்திகள் இருந்த அறைக்குப் போனால், அசையாமல் வலை நடுவே தொங்குகிற அந்த நீளக் கால்களைப் பார்க்கவே வெறுப்பாக வந்தது.

ஒரு பகலில், பார்வையாளர் அறையில் யாரோ காத்திருப்பதாகச் சொன்னார்கள். நவநீதன். சட்டை கசங்கியிருந்தது. சவரம் செய்யாத கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

“அவளைக் கூட்டிட்டுப் போயிருங்க,” என்றான்.

“என்ன செஞ்ச அவளை?”

“நானா? அவ என்னை என்ன செய்யறான்னு கேளுங்க.” குரல் உடைந்தது. “தினமும் என் கிளினிக்குக்கு வர்றா. பேஷன்ட்டுங்க உக்கார்ற ஹால்ல போய் உக்காந்துக்கறா. பக்கத்துல இருக்கறவங்ககிட்ட, ‘நான் டாக்டரோட சம்சாரமுங்க. நேத்து என்னை இப்படி அடிச்சாரு’ன்னு ஆரம்பிச்சர்றா. சத்தம் போடறதில்ல. அழறதில்ல. திட்டறதுகூட இல்ல. ஊசி போட்ட எடத்தைக் காமிக்கற மாதிரி காயத்தைக் காமிக்கறா. வாட்ச்மேன்கிட்டச் சொல்றா, மருந்துக்கடைல சொல்றா, எங்கம்மாவோட பஜனைக்கு வர்ற பொம்பளைங்ககிட்டச் சொல்றா. வெக்கம்னு ஒண்ணு கெடையாதா ஒரு மனுசிக்கு?”

“வெக்கமும் ஒரு பயம்தான். நீதானே எடுத்த?”

“வாயை மூடுன்னு அடிச்சேன். மறுநாள் வந்து, ‘வாயை மூடச் சொல்லி அடிச்சாரு’ன்னு அதையும் சொல்றா. ஓங்கின கையைப் பாத்துட்டு அப்படியே நிக்கறா. கண்ணு சிமிட்டறதில்ல. பேசிட்டிருந்த பேச்சை விட்ட எடத்துல இருந்து தொடர்றா. அப்புறம் எனக்கும் சேர்த்துச் சோறு எடுத்து வைக்கறா. எனக்கு எறங்க மாட்டேங்குது. அவ இருக்கற ரூமுக்குள்ள போகவே எனக்கு…” அவன் நிறுத்திக்கொண்டான்.

“சொல்லு. பயமா இருக்கா?”

 முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“நேத்து ஒரு லாரி டிரைவர் வந்து என் சட்டையைப் பிடிச்சான். அவனுக்கும் எட்டு மாசமா அபயோன் குடுக்கறேன். இவ பேச்சைக் கேட்டுட்டு வர்றான். ‘வால்பாறை மலை வளைவுல பிரேக் மிதிக்கவே எனக்குத் தோண மாட்டேங்குது. என்னை என்னய்யா பண்ணி வெச்சிருக்க’ன்னு கேக்கறான்.” அவன் மேசை மேல் கையை ஊன்றி முன்னால் வந்தான். “மாத்து மருந்து ஏதாச்சும் இருக்கும்ல? அவளுக்குப் பயம் திரும்ப வர்ற மாதிரி. கொஞ்சூண்டு வந்தாப் போதும். எதுன்னாலும் தர்றேன்.”

சுகந்தி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவியின் பயத்தைத் துடைத்து எடுத்தவன், அதைத் திருப்பித் தரச் சொல்லிக் கையேந்தி நின்றான். அவனைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்றிருந்தது. சிரிப்பு வரவில்லை. மலைவளைவில் லாரி ஓட்டுகிற முகம் தெரியாத ஒருவன் கண்ணுக்குள் நின்றான்.

“மாத்து மருந்து கெடையாது.”

“நீங்கதானே கோர்ட்டுல சொன்னீங்க, தற்காலிகமாவும் இருக்கலாம்னு! என் முன்னாடிதானே சொன்னீங்க! அப்போ தானா வந்துரும்ல? எத்தனை நாளாகும்?”

“வராது. அன்னிக்கு நான் பொய் சொன்னேன்.”

அவன் மேசையிலிருந்து கையை எடுத்தான்.

“சாகற வரைக்கும் அவ இப்படித்தான் இருப்பா. எலிங்ககிட்டப் பாத்தேன். வெளிய சொல்லக்கூடாதுன்னாங்க, சொல்லலை,” என்றாள் சுகந்தி. “போ. உன் வீட்டுக்குப் போ. அவ மத்தியானச் சோறு எடுத்து வெச்சிருப்பா.”

அவன் தடுமாறி வெளியேறினான்.   சுகந்தி போனை எடுத்து ராபியாவை அழைத்தாள்.

“என்ன?” என்றாள் ராபியா.

“மாஜிஸ்ட்ரேட்டுகிட்ட நான் மறுபடியும் பேசோணும். அன்னிக்குச் சொன்னது பொய்னு சொல்லோணும்.”

மறுமுனையில் ஏலக்காய் மெல்லும் சத்தம் நின்றது. “மாட்டுவீங்க. பொய்ச் சாட்சிக்கு உங்க மேலயும் கேஸு வரும். கம்பெனி உங்களைச் சும்மா விடாது.”

“தெரியும்.”

“யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிச்சா மாட்டேன்னுருவேன். இப்பவே மனு எழுதுங்க.”

மனுவைக் கோர்ட் ஏற்றுக்கொண்டது. நவநீதனின் நோயாளிகளில் சிலர் தாங்களாகவே ராபியாவைத் தேடி வந்தார்கள். லாரி ஓட்டுநர் ஓட்டுவதை நிறுத்திவிட்டு முதல் ஆளாகச் சாட்சிக்குப் பெயர் கொடுத்தார். சுகந்தியை நிறுவனம் வேலையை விட்டு நீக்கியது. அவள் மேஜையைக் காலி செய்யும்போது பக்கத்தில் நின்ற எவரும் அவளிடம் பேசவில்லை. நவநீதன் கிளினிக்கைப் பூட்டிவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டான். மனைவி இருக்கிற வீட்டுக்குள் அவன் அதன் பிறகு கால் வைக்கவில்லை.

சாட்சி சொல்லும் நாளன்று கோர்ட் வராந்தாவில் இந்துஜா முன்னதாகவே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். புருவத்தில், நவநீதன் கடைசியாக அடித்த அடிக்குப் போட்ட தையல் இன்னும் இருந்தது. அக்காவுக்கு நகர்ந்து இடம் விட்டாள்.

எதிர்ப்பக்கம் இயக்குநர் மூன்று வக்கீல்களோடு நின்றிருந்தார். சுகந்தியைப் பார்த்துத் தலையை மெல்ல அசைத்தார், குழந்தையை எச்சரிப்பது போல.

“நீ அன்னிக்குப் பொய் சொன்னியாமா? ராபியா மேடம் சொன்னாங்க,” என்றாள் இந்துஜா. குரலில் குற்றச்சாட்டு இல்லை. அது இருந்திருந்தால் சுகந்தியால் தாங்கியிருக்க முடியும்.

“ஆமா.”

“பயந்துட்டியா?”

“ஆமா கண்ணு.”

“இப்ப?”

“இப்பவும்தான். அன்னிக்கை விட ஜாஸ்தி.”

இந்துஜா யோசித்தாள். நெற்றியைச் சுருக்கியபோது தையல் இழுத்தது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

“எப்படி இருக்கும்க்கா அது? நான் நடுங்கினது எல்லாம் ஞாபகம் இருக்குது. டம்ளர்ல இருந்து காபி சிந்துனது இருக்குது. உள்ள எப்படி இருந்துதுன்னு மட்டும் பிடிபட மாட்டேங்குது.”

சுகந்தி சொல்ல வாயெடுத்தாள், முடியவில்லை. தங்கையின் கையைப் பிடித்துத் தன் நெஞ்சின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். கோணலாகக் கூடியிருந்த விரல்கள், பொசுங்கித் தடித்த தோல். இந்துஜா வேற்றுமொழிப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பவளைப் போலத் தலையைச் சாய்த்துக் கவனித்தாள்.

கதவருகே நின்ற கோர்ட் டவாலி சுகந்தியின் பெயரை உரக்கக் கூப்பிட்டார்.

“இந்த அடி அடிக்குதே,” என்றாள் இந்துஜா. “இதை வெச்சுட்டேவா உள்ள போறே?”

“ஆமா.”

இந்துஜாவின் கை அங்கேயே இருந்தது. அக்காவை முதல்முறையாகப் பார்ப்பவளைப் போல நிமிர்ந்து பார்த்தாள். சுகந்தி அந்தக் கையை மெதுவாக எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு, உள்ளே போனாள்.